மில் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த கோப்பு

பீளமேட்டில் நான் பதினோரு வருஷம் வேலை பார்த்த நூற்பாலையை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. ஆனாலும் அங்கே வேலை பார்த்தவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் கூடி, சாப்பிட்டு, பேசிவிட்டுப் போவோம். போன வருஷம் அந்தக் கூட்டத்துக்கு ஒரு மலர் போடலாம் என்று முடிவானது. அச்சுக்குப் போகும் முன் பிழை பார்த்துத் தரச் சொல்லி, மலர்க் குழுவின் தலைவர் பக்கங்களை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அவர் நூற்புப் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தவர். யாரிடமும் சண்டைக்குப் போகாத மனிதர்.

நடுவில் ஒரு பக்கம் எங்கள் பழைய மேனேஜர் எழுதியது. மில்லுக்கு முதன்முதலில் கம்ப்யூட்டர் வந்த காலத்தைப் பற்றி எழுதியிருந்தார். "பஞ்சுக் கலவைக்கான நிரலை நான் தனியாக உட்கார்ந்து எழுதி முடித்தேன்" என்று ஒரு வாக்கியம்.

மூன்று முறை படித்தேன். பிழை பார்க்கத்தானே கேட்டார்கள். "தனியாக" என்ற சொல்லைச் சிவப்பில் அடித்து, ஓரத்தில் "இதை எழுதியது நான்" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அந்த நிரல் என்ன செய்தது என்று சொல்லிவிடுகிறேன். மில்லுக்கு வரும் பஞ்சு மூட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. ஒன்றில் இழை நீளம், இன்னொன்றில் குட்டை. ஒன்று பலமாக இருக்கும், இன்னொன்று இழுத்தால் அறும். எந்த மூட்டையோடு எந்த மூட்டையைச் சேர்த்தால் இன்றைக்கு வரும் நூலும் அடுத்த மாதம் வரும் நூலும் ஒரே தரத்தில் இருக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு முன்பு கலவை மேஸ்திரி கையால் தொட்டுப் பார்த்துச் சொல்வார். நாங்கள் அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தோம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பச்சை எழுத்துத் திரை, டாஸ், பாஸ்கல் மொழி. மில்லில் அந்த மொழி தெரிந்த ஒரே ஆள் நான். நிரல் நன்றாக வேலை செய்தது. மேனேஜருக்கு ஆண்டு விழாவில் கேடயம் கொடுத்தார்கள். நான் கீழே உட்கார்ந்து கைதட்டினேன். வேலை போய்விடுமோ என்ற பயம். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

குழுத் தலைவர் அன்று சாயங்காலமே கூப்பிட்டார். சங்கடப்பட்டுக்கொண்டேதான் பேசினார்.

"அவரு அப்படித்தானுங்க எழுதிக் குடுத்திருக்காரு. நீங்க எழுதுனதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க," என்றேன்.

"பதினஞ்சு நாள்ல அச்சுக்குப் போயிருமுங்க."

"அதுக்குள்ள கொண்டாந்து காட்டறேனுங்க."

ஆதாரம் இருந்தது, ஆனால் இருக்கும் இடம்தான் வில்லங்கம். மில்லில் அந்தப் பழைய கம்ப்யூட்டர்களை எடைக்குப் போட்டபோது, நான் எழுதிய இயந்திரத்தை மட்டும் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அது பழைய போர்வை சுற்றி எங்கள் வீட்டு லாஃப்டில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகப் படுத்திருந்தது. காகிதத்தில் எடுத்து வைத்திருந்த பிரதியை ஒரு மழைக்காலத்தில் கரையான் தின்றுவிட்டது. நிரல் இருந்தால் அந்தப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கும் இல்லை.

என் வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். பெட்டியைக் கீழே இறக்கியதும், அறுபத்தோரு வயதில் இதெல்லாம் எதற்கு, அந்த ஆள் எழுதினால் எழுதிவிட்டுப் போகட்டுமே என்றார். முப்பது வருஷமாக அவர் எழுதாமலே பேசிக்கொண்டுதான் இருந்தார், இப்போது அச்சிலேயே ஏற்றப் போகிறார், ஏறிவிட்டால் அதுதான் உண்மை என்று ஆகிவிடும் என்றேன். வீட்டுக்காரர் ஈரத்துணி எடுத்து வந்து தூசியைத் துடைக்க உட்கார்ந்துவிட்டார்.

இத்தனை வருஷம் கழித்து நேராகக் கரண்ட் கொடுத்தால் உள்ளே இருப்பது வெடித்துவிடும் என்று எனக்குத் தெரியும். கோட்டைமேட்டில் பழைய எலக்ட்ரானிக் சாமான் விற்கும் கடை ஒன்று உண்டு. கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு காலத்தில் டிவி ரிப்பேர் செய்தவர். கம்ப்யூட்டரை ஆட்டோவில் வைத்து அவரிடம் கொண்டுபோனேன். அதற்கு முன் இரண்டு கம்ப்யூட்டர் கடைகளில் ஏறி இறங்கியிருந்தேன். ஒரு கடையில் சிரித்தார்கள். இன்னொரு கடையில், சென்னைக்கு அனுப்பினால் இரண்டு மாதம் ஆகும், வந்தால் வரும், வராவிட்டால் இல்லை என்றார்கள்.

இவர் சிரிக்கவில்லை. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே இருந்த குட்டி பேட்டரி கசிந்து, பலகையில் பச்சையாகப் பூத்திருந்தது.

"வீட்ல வினிகர் இருக்குதுங்களா அக்கா?"

"ஊறுகாய்க்கு வாங்குனது இருக்குதுங்க பாய்."

"அதுல பிரஷ்ஷ நனைச்சுப் பொறுமையா தேய்ங்க. நான் பவர் சப்ளைய மட்டும் பாத்துத் தாரேன்."

மின்சாரப் பெட்டியில் உப்பிப்போயிருந்த இரண்டு கெப்பாசிட்டர்களை அவர் மாற்றிக் கொடுத்தார். நான் வீட்டுக்கு வந்து ஒரு முழுக் காலைப்பொழுது பல் தேய்க்கும் பிரஷ்ஷால் பச்சையைத் தேய்த்தேன். காயவிட்டு, மறுநாள் சுவிட்சைப் போட்டதும் ஒரு பீப் சத்தம் வந்தது. திரையில் பச்சை எழுத்து எழுந்தது. வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் அது என்னைப் பார்த்துச் சொன்ன முதல் சேதி, ஹார்ட் டிஸ்க் இல்லை என்பது. பேட்டரி செத்ததால் தன்னிடம் எந்த டிஸ்க் இருக்கிறது என்பதையே அது மறந்துவிட்டிருந்தது. டிஸ்க்கைக் கழற்றி, மேலே ஒட்டியிருந்த சீட்டில் மங்கியிருந்த, டிஸ்க்கின் அளவைச் சொல்லும் மூன்று எண்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்து, அவற்றைக் கம்ப்யூட்டரின் தொடக்க அமைப்பில் திரும்ப எழுதினேன். அப்போதும் வரவில்லை. காதை வைத்துக் கேட்டேன். டிஸ்க் சுற்றவே இல்லை. உள்ளே தட்டும் அதைப் படிக்கும் முள்ளும் ஒட்டிக்கொண்டிருந்தன. மில்லிலும் நீண்ட லீவு விட்டுத் திரும்பினால் இந்தத் தொல்லை வரும்.

அதை மொட்டைமாடி வெயிலில் துணி போட்டு அரைமணி நேரம் வைத்தேன். பிறகு கையில் எடுத்து, இறுகிப்போன டப்பா மூடியைத் திருகுவது போல மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டித் திருப்பினேன். உடைந்தால் உடையட்டும் என்ற துணிச்சல்தான். திரும்ப மாட்டி சுவிட்சைப் போட்டபோது, விசில் மாதிரி ஒரு ஒலி மெல்ல ஏறி நிலைத்தது. கோப்புகளின் பட்டியல் வந்தது. கலவை நிரல் அதில் இருந்தது.

அச்சுக்குப் போக மிச்சமிருந்த நான்கு நாளில் இரண்டை இனி என்ன செய்வது என்று யோசிப்பதிலேயே கழித்தேன் என்று சொன்னால் பொய். எனக்கு வழி தெரியும். அந்த இயந்திரத்தின் அகல ஃபிளாப்பியைப் படிக்க இன்றைக்கு என் லேப்டாப்பில் வாய் இல்லை. இதன் பென்டிரைவை நுழைக்க அதில் துளை இல்லை. ஆனால் பழையதின் பின்னால் சீரியல் போர்ட் என்று ஒன்பது ஊசி வைத்த ஒரு பிளக் உண்டு. அதிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் கம்பி வழியே அனுப்பலாம். அந்தப் பிளக்கை யூஎஸ்பியாக மாற்றும் ஒரு சின்ன ஒயரைக் கடைக்காரர் தேடி எடுத்துக் கொடுத்தார்.

இணைத்து, அனுப்பச் சொன்னேன். ஒன்றும் வரவில்லை. "எழுத முடியவில்லை" என்று பிழை காட்டியது. கொஞ்ச நேரம் முழித்துவிட்டு நினைவுபடுத்திக்கொண்டேன். இது பேசும் கம்பி அது கேட்கும் கம்பியில் போய்ச் சேர வேண்டும். நேராக இணைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசும், ஒன்றும் கேட்காது. இரண்டு கம்பிகளை மாற்றி வைத்துப் பற்றவைத்தேன். அப்போதும் அதே பிழை. அந்தப் பழைய இயந்திரம் மரியாதை பார்க்கும். எதிரில் இருப்பவர் "தயார்" என்று சொல்லாமல் ஒரு எழுத்துகூட அனுப்பாது. அதன் பிளக்குக்குள்ளேயே நான்கு ஊசிகளை இரண்டிரண்டாக வளைத்து இணைத்தேன். அதன் கேள்விக்கு அதுவே பதில் சொல்லிக்கொண்டது. இப்போது லேப்டாப்பில் ஏதோ வந்தது, ஆனால் எல்லாம் கிறுக்கல். வேகம் பொருந்தவில்லை. இரண்டையும் ஒரே வேகத்துக்கு வைத்தேன்.

மதியம் பன்னிரண்டரை மணிக்கு என் லேப்டாப்பின் வெள்ளைத் திரையில் வரிவரியாக என் நிரல் இறங்க ஆரம்பித்தது. முதல் வரியிலேயே என் பெயர் இருந்தது. நான்தான் போட்டிருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்துக்கொண்டேன். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு என் பெயரை வாய்விட்டுப் படித்தார்.

சரியாக வந்ததா என்று சோதிக்க இரண்டாம் முறையும் அனுப்பி, இரண்டு பிரதிகளையும் ஒப்பிட்டேன். ஒரு எழுத்து வித்தியாசமில்லை. சோறு உண்டுவிட்டு வந்து நிதானமாக மேலிருந்து படித்தேன். முப்பது வருஷத்துக்கு முந்தைய நான் நன்றாகத்தான் எழுதியிருந்தேன். பாதி வந்தபோது நின்றுவிட்டேன்.

மூட்டைகளை ஜோடி சேர்க்கும் பகுதி அது. நிரலின் உயிரே அங்கேதான் இருந்தது. அதன் தலையில், அடைப்புக்குறிக்குள், ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு குறிப்பு இருந்தது. "இந்த வழி டெஸ்டிங் லேபில் சொன்னது. எழுதியதும் அவங்களே. நான் தப்பு மட்டும் பார்த்தேன்." அதன் கீழே ஒரு பெயர். என் பெயர் இல்லை.

டெஸ்டிங் லேப் என்பது பஞ்சின் நீளத்தையும் பலத்தையும் அளக்கும் அறை. அங்கே என்னைவிட இரண்டு வயது சின்னவளான ஒருத்தி வேலை பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸோடு என் அறைக்கு வருவாள். கம்ப்யூட்டரில் ஒரு ஆர்வம். நான் பாஸ்கல் சொல்லிக்கொடுத்தேன். நான் எழுதிய முதல் நிரல் முதல் வாரம் நன்றாக ஓடி, நான்காம் வாரம் நல்ல மூட்டைகளையெல்லாம் தீர்த்துவிட்டு மட்டமானதை மிச்சம் வைத்தது. அவள்தான், உச்சத்தில் ஒன்று, அடியில் ஒன்று என்று எடுக்க வேண்டும், நடுவில் கைவைக்கக் கூடாது என்றாள். சொன்னதோடு நிற்காமல் எழுதியும் காட்டினாள். பிறகு கல்யாணமாகிச் சோமனூருக்குப் போய்விட்டாள்.

இதெல்லாம் அந்தக் குறிப்பைப் படித்த பிறகு ஒவ்வொன்றாக எனக்கு நினைவு வந்தது. அதற்கு முன் வரவில்லை. என் மகளிடம், சொந்தக்காரர்களிடம், எத்தனையோ முறை இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றிலும் நான் ஒருத்திதான் எழுதினேன்.

அன்று மதியம் முழுதும் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வெறும் எழுத்துக் கோப்பு. மூன்று வரியைத் தேர்ந்தெடுத்து ஒரு சாவியை அழுத்தினால் போதும். லாஃப்டில் இருந்த பெட்டியைத் தேடி யார் வரப் போகிறார்கள்?

வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். "அந்தப் பக்கத்த உட்டுட்டு, உன் பேரு இருக்கறத மட்டும் காட்டுனாப் பத்தாதா அம்மணி?"

"அப்ப எனக்கும் அவருக்கும் என்னங்க வித்தியாசம்?" என்றேன். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. அவர்மேல் இருந்த கோபமில்லை அது.

மறுநாள் காலை சோமனூர் பஸ் ஏறினேன். அவளுடைய வீட்டை விசாரித்துக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. வீட்டை ஒட்டி எட்டு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. கணவர் இறந்த பிறகு அவளேதான் தறிகளைப் பார்த்துக்கொள்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். சத்தத்தில் பேச முடியாது என்று பின்கட்டுக்கு அழைத்துப் போய் மோர் கொடுத்தாள். அச்செடுத்த தாள்களை அவள் மடியில் வைத்தேன். அந்தப் பக்கத்தை விரலால் காட்டினேன்.

தாளைக் கண்ணருகே கொண்டுபோய்த் தன் பெயர்வரை படித்தாள்.

"நான் இத சுத்தமா மறந்துபோட்டேன் கண்ணு," என்றேன். "எல்லார்கிட்டயும் நானே எழுதுனதாச் சொல்லிப்போட்டேன்."

"நீங்க மறந்துட்டீங்க அக்கா," என்றாள். "நான் மறக்கலீங்க."

அவள் குரலில் குற்றம்சாட்டல் இல்லை. அதனால்தான் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்றே அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். அவள், மேனேஜர் எழுதியதைக் காட்டச் சொல்லிக் கேட்டு, என் போனில் அதைப் படித்தாள். படித்து முடித்து, குழுத் தலைவரைப் பார்க்க எந்த நாள் போக வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

குழுத் தலைவரின் வீடு அன்னூரில், வாழைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. மேனேஜரும் வந்திருந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும், சட்டையில் ஒரு மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். தாள்களைப் புரட்டிவிட்டு, நான் சொல்லச் சொல்ல நீங்கள் டைப் அடித்தீர்கள், அவ்வளவுதானே என்றார். அதுவும் போக, இதை நேற்று உட்கார்ந்துகூட அடித்திருக்கலாம் இல்லையா என்று குழுத் தலைவரைப் பார்த்துச் சொன்னார்.

நான் அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். ஜோடி சேர்க்கும் பகுதிக்குள், பலத்தைக் கணக்கிடும் இடத்தில் ஒரு வரி, இரண்டாம் எண் கருவியில் வந்த அளவிலிருந்து மட்டும் கொஞ்சம் கழிக்கும். அதை அவர் முன்னால் வைத்தேன்.

"நீங்க சொல்லச் சொல்ல அடிச்சதுன்னா, இந்த வரி எதுக்குன்னு சொல்லுங்க சார்."

அவர் பார்த்தார். ஏதாவது பாதுகாப்புக்காகப் போட்டிருப்போம் என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியாது. அந்தப் பகுதி அவள் எழுதியது.

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்க்காமல் குழுத் தலைவரிடம் சொன்னாள்.

"ரெண்டாம் மெஷினு, காத்துல ஈரம் ஏத்தறதுக்குத் தண்ணி தெளிக்கிற ரூம்பு செவுத்த ஒட்டி இருந்துச்சுங்க. அங்க வெச்ச பஞ்சு ஈரங்குடிச்சுக்கும். ஈரம் இருந்தா பலம் கூடக் காட்டுமுங்க. அதுக்குத்தான் கழிச்சது."

குழுத் தலைவர் நூற்பில் முப்பது வருஷம் இருந்தவர். தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார். "ஆமாங்க சார். அந்தச் செவுரு எப்பவும் ஓதம் ஏறித்தான் கெடக்கும்."

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தனக்கு வேறு வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி என்னிடம், "இத்தன வருஷங்கழிச்சு இது தேவைங்களா?" என்றார்.

"தேவைங்க சார்," என்றேன்.

நினைத்தபடி எல்லாம் நடந்துவிடவில்லை. மலரில் அவருடைய கட்டுரை அப்படியே வந்தது, படத்தோடு. "நான் தனியாக உட்கார்ந்து எழுதி முடித்தேன்" என்பது "எங்கள் பிரிவில் எழுதி முடித்தோம்" என்று மாறியிருந்தது, அவ்வளவுதான். எங்கள் இருவர் பெயரும் கடைசியில், சமையல்காரருக்கு நன்றி சொல்லும் பக்கத்தில், ஒரு பெட்டிக்குள் இருந்தது. பெரியவர் மனம் நோகக் கூடாது என்று பார்த்தோம், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று குழுத் தலைவர் சொன்னார். கோபித்துக்கொண்டேன். அதை அவரிடமும் சொன்னேன்.

கூட்டம் நடந்த அன்று, நன்றியுரை முடிந்து எல்லோரும் பந்திக்கு எழப் பார்த்த நேரத்தில் மேடையேறி மைக்கை எடுத்தேன். யாரும் என்னை அழைக்கவில்லை. அந்த நிரலை யார் எழுதினார்கள், எந்தப் பகுதியை யார் எழுதினார்கள், நான் முப்பது வருஷம் யாரை மறந்திருந்தேன் என்று ஐந்து நிமிஷம் சொன்னேன். முன் வரிசையில் மேனேஜர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு அவளை மேடைக்கு வரச் சொன்னேன். வரமாட்டாள் என்று நினைத்தேன். முந்தானையைச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று ஏறி வந்து, என் கையிலிருந்து மைக்கை வாங்கி, தன் பெயரை மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு மைக்கை என்னிடமே கொடுத்தாள். பின் வரிசையில் இருந்த பெண்கள் முதலில் கைதட்டினார்கள்.

அடுத்த வாரம் நிரல் முழுவதையும் இணையத்தில் போட்டுவிட்டேன், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பெயர்களைப் போடும்போது அவள் பெயரை முன்னால் போட்டேன். அவள் போனில் கூப்பிட்டு, ஜோடி சேர்க்கிற இடத்தில் ஒரு தப்பு இருக்கிறது, அப்போதே தெரியும், திருத்தச் சொல்வதற்குள் கல்யாணம் வந்துவிட்டது என்றாள். திருத்திக்கொண்டிருக்கிறோம்.